இழுப்பறைமேல் ஒட்டிய கிளி

பனகல் பார்க்குக்கு எதிரே சிதம்பரநாதன் வைத்திருந்த ஜவுளிக்கடையில் சேலைக்குப் பூவேலை செய்ய ஆட்கள் பலர் இருந்தார்கள். அதற்கு மாதிரிப் படம் தேடித் தருகிறவள் ஜைதூன் பீ ஒருத்திதான். மயிலாப்பூரிலிருந்து நடந்து வருவாள். கல்யாண வீட்டார் மாங்காய்க் கரை, அன்னம் என்று கேட்டால், கையோடு கொண்டுவரும் தலையணை உறைக்குள் துழாவி, சரியான காகிதத்தை எடுத்து நீட்டுவாள். தீப்பெட்டிப் படம், சீமை விலைப்புத்தகத்தில் கிழித்த பக்கம், நைந்த பனாரஸ் முந்தானைத் துண்டு, அவளே வரைந்தவை எல்லாம் அதில் கலந்து கிடந்தன. வேறு யார் கையை விட்டாலும் குப்பைதான் வரும். புருஷன் போனபிறகு அவளுக்குச் சோறு போட்டது அந்த உறைதான்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் முதலாளியின் மருமகள் தங்கபுஷ்பம் கடைக்கு வரத் தொடங்கினாள். பெரிய மனிதர்கள் முன்னால் அழுக்கு மூட்டையைப் பிரிக்கிற மாதிரி இருக்கிறது என்று மாமனாரிடம் குறைப்பட்டாள். அவர் ஜைதூனைக் கூப்பிட்டு, படங்களை ஒழுங்காக வைக்க எது தோதுப்படுமோ அவளையே பார்த்துச் சொல்லச் சொன்னார். அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

முதலில் பைண்டு செய்த ஆல்பம் வந்தது. ஒட்டிவிட்டால் இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாதென்று தள்ளினாள். தகரப் பெட்டியில் கட்டுக்கட்டாக அடுக்கலாம் என்றார்கள். அடியில் போனது செத்த மாதிரிதான் என்றாள். கடைசியில் ராணுவத்தார் ஏலம் விட்ட மர பீரோ ஒன்று வந்தது. முகமெல்லாம் சின்னச் சின்ன இழுப்பறைகள். இதுதான் என்றாள்.

முதலாளி ஒவ்வொன்றின்மேலும் பேர் எழுதச் சொன்னார்.

“எனக்கு எழுத்து எங்க தெரியும் அண்ணாச்சி? கிளி கீற பெட்டி மேல ஒரு கிளிய ஒட்டிக்கினா போதும்.”

“நல்ல யோசனையால்லா இருக்கு,” என்றார் அவர்.

ரம்ஜான் மாதம் முழுக்க நோன்போடு உட்கார்ந்து பிரித்துப் போட்டாள். காலியான உறையைத் துவைத்து, வீட்டில் தலையணைக்கு மாட்டிவிட்டாள்.

பெருநாள் கழித்துக் கடைக்கு வந்தபோது, கல்யாண வீட்டார் ஒருவர் அன்னம் கேட்டுக்கொண்டிருந்தார். தங்கபுஷ்பம் பீரோவை ஒரு பார்வை பார்த்தாள். அன்னம் ஒட்டிய அறையை இழுத்தாள். எடுத்துக் கொடுத்தாள். பிறகு ஜைதூனிடம், இனிமேல் அவள் இத்தனை தூரம் அலைய வேண்டாம் என்றாள்.

ஜைதூன் பீரோப் பக்கம் கையை நீட்டினாள்.

“எம்மாம் வருசமா சேத்தது கண்ணு. நான் வரைஞ்சதயாவது குடுத்துடும்மா.”

“கடை பீரோவுல கிடக்கது கடைக்குள்ளது. நீங்கதான உங்க கையால வச்சிய?”

ஜைதூன் முதலாளியைப் பார்த்தாள். அவர் மடித்த சேலையையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். பின்கட்டில் ஊசி குத்தும் வேலை இருக்கிறது, வேண்டுமானால் உட்காரலாம் என்று நிமிராமலே சொன்னார். படத்தின் கோடுகளில் துளையிட்டால்தான் அதைத் துணிமேல் வைத்து நீலம் தேய்த்து அச்செடுக்க முடியும். கண் போகிற வேலை, கூலி சொற்பம். அவள் உட்கார்ந்தாள்.

முதலில் வந்த காகிதம் அவள் வரைந்த மாங்காய்க் கொடி. மூலையில் கடையின் முத்திரை குத்தியிருந்தது. கோட்டின்மேலேயே ஊசி இறங்க வேண்டும், கை நடுங்கினால் ஆளை மாற்றிவிடுவேன் என்று சொல்லி, தங்கபுஷ்பம் முதல் வரிசை முடியும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுப் போனாள்.