பட்டினச்சேரியில் காத்திருந்த அண்ணன்

காரைக்காலுக்குக் குடிவந்து மூன்று வாரம். இங்கே ஏற்றமே கிடையாது. சைக்கிளுக்குக் கடலின் எதிர்காற்றுதான் மலை. தினமும் காலையில் தலத்தெருவிலிருந்து பட்டினச்சேரி வரை மிதிப்பேன். வீடு திரும்பியதும், போன வழியின் வரைபடத்தை நேரத்தோடு சைக்கிள் செயலியில் எல்லோரும் பார்க்கும்படி பதிவிடுவேன்.

இன்று பட்டினச்சேரி டீக்கடை அக்கா கேட்டார்.

"ஏம்மா, நேத்து வரல? ஒங்க அண்ணன் பாவம், ரெண்டு டீ குடிச்சிட்டுக் காத்துக் கெடந்தாரு."

"எந்த அண்ணன்?"

"ஹெல்மெட்டு போட்டுக்கிட்டு வந்தாரே. தங்கச்சி ஆறே காலுக்கு இங்க வந்துடுமேன்னு மணியப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம், வீட்டுலயே பாத்துக்கறேன்னு கெளம்பிட்டாரு."

நான் ஒரே பிள்ளை.

பதிவிட்ட வரைபடங்களை எல்லாம் அழித்துவிட்டேன். ஒவ்வொன்றும் என் வீட்டு வாசலில்தான் தொடங்கியிருந்தது.

எதிர்காற்று நன்றாக அடிக்கும் வேறு வழி தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். அண்ணன்கள் தவிர.