படத்தில் தெரியாத நோய்

கூடலூரில் எங்கள் வீடு மெயின் ரோட்டோரம். காலேஜ் படித்துக்கொண்டிருந்த என் தம்பி, குமுளிக்குப் போகும் ஜீப்புகளில் இருப்பவர்கள் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொல்ல ஆரம்பித்தான். பயந்துபோய் மதுரையில் மூளையை ஸ்கேன் எடுத்தோம்.

"கட்டி எதுவும் இல்ல. ஆனா இது மனநோய், ஸ்கேன்ல தெரியாது. நான் எழுதித் தர்ற மாத்திரையை நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டர். நாங்கள் முதல் வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினோம்.

வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் அப்பா அந்த ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "ஒண்ணுமில்லேன்னு டாக்டரே சொல்லிட்டாக" என்றார். மாத்திரை சாப்பிடுகிறவன் என்று பேர் வந்தால் நாளைக்குப் பெண் கிடைக்காது என்று, மாத்திரையை நிறுத்தச் சொன்னது நான்தான்.

"அக்கா, இன்னமும் பேசுறாகக்கா" என்று ஒருநாள் வந்து நின்றான்.

"படத்துலயே ஒண்ணுமில்லடா, பேசாம இரு" என்றேன்.

அதன்பிறகு அவன் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் ஒரு காலையில், அவன் குமுளி ஜீப்பில் ஏறியதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். ஆறு வருடமாகத் தேடுகிறோம்.

இப்போதெல்லாம் என் மகள் எதையாவது சொல்லிப் பயந்தால், ஒன்றுமில்லை என்று நான் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "என்னாத்தா, எங்கிட்ட சொல்லு" என்கிறேன்.