முனியாண்டி வளைவு

சைக்கிள் பந்தயத்தில் ஒருத்தி ஜெயிப்பதற்காக ஒரு அணியே ஓட்டுகிறது என்பதை என் அக்காவுக்கு என்னால் கடைசிவரை விளங்கவைக்க முடியவில்லை. அக்கா தெமோதரைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள்.

"மத்த புள்ளைக எல்லாம் எதுக்கு?" என்று கேட்டாள்.

"முன்னால போய் காத்த மறைக்க. பின்னால வாற வேன்ல தண்ணி வாங்கிட்டுப் போய்க் குடுக்க."

"நம்ம புள்ள எதுல?"

"தண்ணியில."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "கொழுந்த நாம எடுக்குறோம், டீ பேரு தொரைக்கு. இந்த வேலை இங்கேயே இருக்கே தம்பி. இதுக்கு எதுக்கு அவ கொழும்புவரைக்கும் போகணும்?"

இந்த விளையாட்டை இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். கொழும்பில் சம்பளத்துக்கு ஓட்டும் அணி ஒன்று என் மகளை எடுத்த பிறகு, பந்தயக் காலத்தில் சனி ஞாயிறுகளில் அணியின் இரண்டாவது வேனில் ஏறிவிடுவேன். போத்தல்களில் தண்ணீர் நிரப்புவது, வற்றாளைக் கிழங்கு அவித்துத் தாளில் சுற்றுவது, தைலப் புட்டிகளை எண்ணெய்ப் புட்டிகளிலிருந்து பிரித்து வைப்பது என் வேலை. கூலி கிடையாது. வீட்டில் இருந்து பயப்படுவதைவிட வேனில் இருந்து பயப்படுவது பரவாயில்லை என்றுதான் போனேன்.

பந்தயக் காலம் என்றால் பெரிதாக ஏதோ நினைப்பார்கள். அதில் பாதி, பிரதம அதிதிக்காக வெயிலில் காத்திருப்பதுதான். உடம்போடு ஒட்டிய சட்டையில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். அதிதி வந்து விளையாட்டும் ஒழுக்கமும் பற்றிப் பேசுவார். கொடியை அசைத்துவிட்டு, படம் சரியாக விழவில்லை என்று திரும்பவும் அசைப்பார். அதற்குள் முன்வரிசை புறப்பட்டுப் போயிருக்கும். ஒலிபெருக்கி கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று ஊர் ஊராக முன்னால் போய், வராதவர்களின் பெயரையெல்லாம் அறிவிக்கும். அணி முகாமையாளர் காரின் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு, நிழலில் இருந்தபடி, மேட்டில் மிதிப்பவர்களைப் பார்த்து இன்னும் வேகம் என்று கத்துவார். கையில் குடை மட்டும் இருந்தால் பழைய கங்காணிதான். முடிவில் ஜெயித்தவள் மேடையில் ஏறி, "என் அணிக்கு நன்றி" என்பாள். அணி அப்போது கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கும்.

என் மகள் இதையெல்லாம் என்னைவிட நன்றாகக் கேலி செய்வாள். ஆனாலும் அவளுக்கு அந்த வேலைதான் வேண்டும். வேறு எதையும் அவள் அப்படிக் கேட்டதில்லை. ஒப்பந்தம் ஒரு பந்தயக் காலத்துக்குத்தான். அடுத்த முறைக்குத் தண்ணி கொண்டுபோகிறவர்களில் ஒருத்திக்குத்தான் இடம், கடைசிப் பந்தயம் முடிந்து சொல்கிறேன் என்று முகாமையாளர் சொல்லியிருந்தார். அந்தக் கடைசிப் பந்தயம் அப்புத்தளை ஏறி, பண்டாரவளை வழியாக இறங்கி, பதுளையில் முடிவதாக இருந்தது.

இந்த விளையாட்டில் இரக்கமான வழக்கம் ஒன்றுதான் உண்டு. யாருடைய ஊர் வழியாகப் பந்தயம் போகிறதோ, அவளைக் கூட்டம் கொஞ்ச தூரம் முன்னால் போக விட்டுவிடும். அவள் தன் ஆட்களுக்குக் கை காட்டிவிட்டுத் திரும்பக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ள வேண்டும். அதைப் பெரிய சலுகையாக நினைத்துக்கொண்டு முகாமையாளரும் சம்மதித்தார். முதல் நாள் பின்னேரம் மகள் அக்காவுக்குப் போன் எடுத்தாள்.

"அத்தை, நாளைக்கு நான் முன்னால வருவேன்."

"என்ன மருமகளே, உன்னைய தொரையாக்கிட்டாங்களா?"

"அஞ்சு நிமிசத்துக்கு."

"அது போதும். நாங்க பாத்துக்குறோம்."

பாத்துக்குறோம் என்றால் என்ன என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

தோட்டத்து ரோடு பெரிய ரோட்டில் வந்து ஏறுகிற வளைவில் ஒரு முனியாண்டி கோயில் இருக்கிறது. மகள் சைக்கிள் பழகியது அந்தத் தோட்டத்து ரோட்டில்தான். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியவள் அக்கா. புது லொறி வாங்கினாலும் வேன் தூரப் பயணம் போனாலும் அந்த வளைவில் நிறுத்தி, முன்னால் ரோட்டிலேயே தேங்காய் உடைத்துவிட்டுத்தான் எடுப்பார்கள். அன்று தோட்டத்து லயமே, வரிசை வீட்டுச் சனம் அத்தனையும், இறங்கி வந்திருக்கிறது. ஒலிபெருக்கி மோட்டார் சைக்கிள் போனதும், பிள்ளைமேல் கண் படாமல் இருக்கட்டும் என்று வீட்டுக்கு ஒரு தேங்காய் உடைத்திருக்கிறார்கள். அவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. சைக்கிள் டயரில் ஏறும் என்று விளக்குமாறு கொண்டுவந்து சிரட்டையையும் சில்லையும் ஓரத்துக்குக் கூட்டிவிட்டார்கள். தேங்காய்த் தண்ணீரைக் கூட்ட முடியாது. மரம் மூடிய வளைவு, வெயில் படாத தார். லொறி டயருக்கு அது ஒன்றுமே இல்லை. பந்தயச் சைக்கிளின் டயர் விரல் அகலம்தான்.

நான் பின்னால் வேனில் இருந்தேன். கார்கள் ஒவ்வொன்றாக நின்றன. இறங்கி ஓடினேன். முதலில் கண்ணில் பட்டது அக்கா. நல்ல சேலை கட்டி, தட்டில் எரிகிற சூடத்தோடு அப்படியே நின்றாள். மகள் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் கிடந்தாள். கூட்டம் மெதுவாக எங்களைக் கடந்தது, பிறகு வேகம் எடுத்தது. பந்தயம் யாருக்காகவும் நிற்காது. முகாமையாளரின் காரும் அதோடு போனது.

நான் குனிந்தபோது என் கால் வழுக்கியது. கையை ஊன்றினேன். ஈரம். முகர்ந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அத்தைக்கிட்ட சொல்லாதீங்க."

வலியில் அவள் சொன்ன முதல் பேச்சு அது.

சைக்கிள்காரர்கள் தோள்பட்டை எலும்பு முறிந்தால் சிரிப்பார்கள்; அவர்களுக்கு அது தடிமன் காய்ச்சல் மாதிரி. இவளுக்கு முறிந்தது இடுப்பு மூட்டு. பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் நிதானமாகச் சொன்னார்: நடக்கலாம், வேலை செய்யலாம், பந்தயம் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது. இப்போது என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் கொஞ்ச நாள் இருந்தேன்.

முகாமையாளர் ஒரு பந்தய அதிகாரியோடு பார்க்க வந்தார். அதிகாரி நல்ல மனிதர். ரோட்டில் ஏதாவது கிடந்து விழுந்திருந்தால் அது ஓட்டியவளின் பிழை இல்லை, குணமாகும்வரை அணி அவள் இடத்தை வைத்திருக்க வேண்டும் என்று சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். பிறகு கேட்டார், "ரோட்டில் ஏதாவது இருந்ததா?"

"இல்லை," என்றாள் மகள். "வேகத்தைப் பிழையாகக் கணக்குப் போட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"சொந்த ஊர் வளைவே தெரியாதா?" என்றார் முகாமையாளர். கோபமாகக்கூட இல்லை. ஒரு மோல்ட் மா டின்னை மேசையில் வைத்துவிட்டு, சைக்கிள் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். சைக்கிள் அணியுடையது.

அவர்கள் போனபின் நான் சண்டை போட்டேன். ஆஸ்பத்திரி வார்டில் எவ்வளவு சத்தத்தில் போடலாமோ அவ்வளவு. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா உன் இடம் இருந்திருக்கும்."

"அந்த அதிகாரி நல்லவரு. எழுதிட்டுப் போயி வளைவுல விசாரிப்பாரு. அத்தைக்கிட்டதான் முதல்ல கேப்பாரு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "லயமே சேந்து என்னைய விழுத்தினாங்கன்னு அவங்களுக்குத் தெரியணுமாப்பா?"

மோல்ட் மா டின்னை எடுத்து மேசைக்குக் கீழே வைத்தேன்.

இப்போது வீட்டில் இருக்கிறாள். நடக்கிறாள், ஒரு பக்கம் சாய்ந்து. நான் அக்கா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தால் பஸ்ஸை விட்டு ரயிலில் போகிறேன். அந்த வளைவை என்னால் இன்னும் பார்க்க முடியவில்லை. அணியின் போன் குழுவிலிருந்து என்னை யாரும் எடுக்கவில்லை; எடுக்க மறந்திருப்பார்கள். புதுப் பந்தயக் காலத்துக்குத் தண்ணி கொண்டுபோகப் புதுப் பிள்ளை ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். படத்தில் சிரிக்கிறாள். மகள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சீட்டு உயரம் அவளுக்குச் சரியில்லப்பா, முழங்கால் போயிரும்" என்று போனைத் திருப்பித் தந்தாள்.

போன ஞாயிறு அக்கா திருநீறோடு வந்தாள். மகளின் நெற்றியில் பூசிவிட்டு, காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு அந்தத் தேங்காய ஒடைக்காம இருந்திருந்தா உசுரே போயிருக்கும். முனியாண்டி இடுப்போட விட்டுட்டாரு."

"ஆமா அத்தை," என்றாள் மகள்.

"நீ திரும்ப ஓட்டு. இதுக்கு ரெண்டு மடங்கு ஒடைப்போம்."

"ஒடைங்க. ஆனா கோயிலுக்குள்ள ஒடைங்க அத்தை. ரோட்டுல நின்னா உங்களுக்குத்தான் ஆபத்து."

"போடி. ரோட்டுல போறவளுக்கு ரோட்டுலதான் ஒடைக்கணும்."

மகள் சிரித்தாள். விழுந்த பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. அக்காவும் சேர்ந்து சிரித்தாள், எதற்கு என்று தெரியாமலே. நான் தேத்தண்ணி ஊற்றுகிறேன் என்று குசினிக்குப் போய், கேத்தல் கொதித்து அடங்கின பிறகும் அங்கேயே நின்றேன்.