தொடக் கூடாத பணம்

எங்கள் வங்கிக் கணக்கில் லட்சக்கணக்கில் பணம் இருந்தது. அந்த மாதம் கேஸ் சிலிண்டர் வாங்க என் கையில் காசு இல்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் யாரிடமும் சொல்லாமலே இருந்தோம்.

கனடாவில் குடியேற விண்ணப்பித்திருந்தோம்: நான், கணவர், ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள். அங்கே போய் இறங்கினால் கொஞ்ச காலமாவது சொந்தக் காசில் சாப்பிடுவோம் என்பதற்கு ஆதாரமாக ஒரு தொகையை எங்கள் பெயரில் காட்ட வேண்டும். அது கடன் வாங்கி வைத்த பணமாக இருக்கக் கூடாது. விசா கைக்கு வரும்வரை அதில் குறையவும் கூடாது. கடம்பத்தூரில் வாங்கிப் போட்டிருந்த மனையை இதற்காகவே விற்றோம். கேட்ட தொகைக்கு மேல் கொஞ்சம்தான் மிஞ்சியது.

கணவர் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். மருத்துவப் பரிசோதனைக்குப் போகச் சொல்லி மின்னஞ்சல் வந்ததும், இனி எல்லாம் முடிந்த மாதிரிதான் என்று நினைத்தோம். வேலையை விட மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்பது அவர் கம்பெனி விதி. விசா வந்த பிறகு சொன்னால் தாமதமாகுமே என்று உடனே எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்று மாதமும் முடிந்து அவரை மாலை போட்டு அனுப்பி வைத்தார்கள். விசா மட்டும் வரவில்லை.

அன்றிலிருந்து என் சம்பளம் ஒன்றுதான். நான் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலேயே வேறொரு கம்பெனியில், கார் உதிரிபாகங்களைச் சோதித்து அனுப்பும் பிரிவில் இருந்தேன். மணவாள நகரில் வாடகை வீடு. விடியற்காலை கம்பெனி பஸ் வரும். மகளைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவது கணவர் வேலையானது. அனுப்பிவிட்டு, தெருமுனையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடைக்குப் போய் உட்காருவார். இருநூறு பேரை வைத்து வேலை வாங்கிய மனிதர், அங்கே பக்கத்து வீட்டு கிரைண்டரைப் பிரித்துக்கொண்டிருப்பார். எனக்குத்தான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அவர் சாயங்காலம் வார்னிஷ் வாசனையோடு வந்து, "இன்னிக்கு ரெண்டு மோட்டார்" என்று சந்தோஷமாகத்தான் சொல்வார்.

பள்ளியில் இரண்டாம் பருவக் கட்டணம் கட்டச் சொன்னபோது, "ஒரு பத்தாயிரம் எடுத்துட்டு அடுத்த மாசம் போட்டுடலாமா?" என்று கேட்டார்.

"நடுவுல குறைஞ்சது தெரிஞ்சி திருப்பி அனுப்பிட்டா?" என்றேன்.

வளையல்களை அடகு வைத்தால் அது கடன் கணக்கில் வந்துவிடுமோ என்று ஒரு பயம். சரியா தப்பா என்று கேட்கவும் ஆள் இல்லை. விற்றுவிட்டோம். மறுநாள் ஏடிஎம் அட்டையை எடுத்துக்கொண்டு போய், கம்பெனியில் என் லாக்கரில் ஏப்ரனுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். வீட்டில் இருந்தால் என்னையே எனக்கு நம்பிக்கை இல்லை.

இதற்கு நடுவில்தான் வாடகை இரண்டு மாதம் நின்றது. வீட்டுக்கார அக்கா மாடியில் இருந்தார். கணவர் இறந்த பிறகு எங்கள் வாடகையையும் ஒரு சின்ன பென்ஷனையும் வைத்து ஓட்டுபவர். "அடுத்த மாசம் சேத்துக் குடுத்துடறேங்க்கா" என்று நான் சொன்னபோது முகம் சுளிக்காமல் சரி என்றார். அந்த வாரமே வங்கியில் பாஸ்புக் அச்சடிக்கும் வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றார். இயந்திரத்திலிருந்து என் புத்தகம் வெளியே வந்ததும், எனக்கு முன் அவர் கை போனது. உதவியாக எடுத்துக் கொடுக்கத்தான். ஆனால் கடைசி வரியைப் பார்த்துவிட்டார்.

வெளியே படியிறங்கும்போதுதான் கேட்டார்.

"இவ்ளோ டப்பு வெச்சிகினு என்னாண்ட வந்து டைம் கேட்டியா? நான் இன்னா உனக்கு இளிச்சவாயா?"

"அது எடுக்கக் கூடாத பணங்க்கா."

"உன் பேர்லதானே கீது? நீ எடுக்கக் கூடாதுன்னா வேற யாரு எடுப்பாங்க?"

அந்த வெயிலில் நின்றுகொண்டு கனடாவை எங்கிருந்து ஆரம்பிப்பது? வீட்டுக்கு வந்ததும் கனடா விண்ணப்ப விதிகள் இருந்த ஆங்கிலத் தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். "இதைப் படிக்கத் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது காட்டுங்கக்கா. நான் சொன்னது பொய்யா இருந்தா அன்னிக்கே காலி பண்ணிடறோம்" என்றேன். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

அக்காவின் தம்பி திருவள்ளூர் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. மறுநாள் அந்தத் தாள் அவரிடம் போயிருக்கிறது. அதற்கும் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, நான் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது அக்கா கீழே இறங்கி வந்தார். சோப்பு நுரையோடு எழுந்து நின்றேன்.

"தம்பி படிச்சி சொன்னான். ஜாமீன்தாரர் சொத்து காட்ற மாதிரியாம். காட்டணும், ஆனா கேசு முடியற வரைக்கும் விக்க முடியாது. அப்படித்தானே?"

"அப்படித்தாங்க்கா."

"இத நீ மொதல்லியே சொல்லியிருக்கலாம்ல? எம்மா பேஜாரு பண்ணிட்ட. ரெண்டு நாளா தூக்கமே இல்ல." பிறகு வாளி மேல் சாய்ந்திருந்த, துணி அடிக்கும் கட்டையைச் சும்மா நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "எப்படியும் நீங்க ஊட்டக் காலி பண்ணிட்டுத்தான் போப் போறீங்க. எட்டு மாச அட்வான்ஸ் என்னாண்ட கீது. மாசா மாசம் அதுல கழிச்சிக்கலாம். நீ வாடகையப் பத்தி நெனைக்காத."

எனக்கு அது தோன்றவே இல்லை. அட்வான்ஸ் என்பது கொடுத்ததோடு மறந்துபோகும் பணம். எட்டு மாதம்! துவைத்த துணியைக் காயப்போடாமல் உள்ளே ஓடி, கணவரிடம் சொல்லிவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பயம் வந்தபோதெல்லாம் வராத அழுகை அது.

அதற்குப் பிறகு காத்திருப்பது கொஞ்சம் லேசானது. என் சம்பளத்தில் பள்ளி, அரிசி, பால், எல்லாம் அடங்கியது. கறி எடுத்தால் அக்காவுக்கும் ஒரு கிண்ணம் மாடிக்குப் போனது. அட்வான்ஸில் ஆறு மாதம் கழிந்திருந்த ஒரு நாள், ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். கணவர் கூப்பிட்டார். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம்.

"பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லிட்டாங்கம்மா."

"நல்லாப் படிச்சிப் பாருங்க."

"கடைக்காரரையும் படிக்கச் சொல்லிட்டேன். அதேதான்."

சந்தோஷத்தில் கத்துவேன் என்று பல மாதம் கற்பனை செய்திருந்தேன். உண்மையில் நடந்தது, கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிப்போனேன். நிறுத்தம் வந்ததும் பக்கத்து இருக்கைப் பெண் உலுக்கி எழுப்பினாள். அப்படி ஒரு தூக்கம் வருடக்கணக்கில் தூங்கியதில்லை.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்த பிறகும் அந்தப் பணத்தைத் தொடவில்லை. அங்கே இறங்கும்போதும் காட்ட வேண்டுமாம். டிக்கெட்டுக்கு, அப்போதுதான் கைக்கு வந்த கணவரின் பி.எஃப். பணம் உதவியது. ஆனால் அதே கணக்கைப் பார்த்து இப்போது நெஞ்சு அடிக்கவில்லை.

பாஸ்போர்ட்டை அக்காவிடம் காட்டப் போனோம். மூன்றையும் புரட்டி, எங்கள் போட்டோக்களைப் பார்த்து, "மூணு பேரும் திருட்டு முழி முழிச்சிகினு கீறீங்க" என்று சிரித்தார். மகளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். என்றைக்குக் கிளம்புகிறோம் என்று தேதி கேட்டார்.

"முன்னாடியே சொல்லிடும்மா. நான் டூ-லெட் போர்டு மாட்டணும்ல."