நாலாவது அறையின் ஜன்னல்

நான் வேலை பார்க்கும் கம்பெனி அறைகளைச் செய்து விற்கிறது. செங்கல்பட்டுக்கு வெளியே பெரிய கொட்டகை. அங்கே இரும்புச் சட்டம் அடித்து, சுவர்ப் பலகை பொருத்தி, ஒயரிங், குழாய், ஜன்னல் எல்லாம் முடித்து, முழு அறையையும் டிரெய்லரில் ஏற்றி அனுப்புவோம். போகிற இடத்தில் அஸ்திவாரம் தயாராக இருக்கும். கிரேன் வைத்து இறக்கினால் அன்றைக்கே அறை நின்றுவிடும். இந்த அறைகளுக்கு வரைபடம் போடுவது என் வேலை.

போன வருஷம் முதலில் படூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் காவலாளி அறை செய்தோம். பிறகு ஒரு பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வகுப்பறைகள். இரண்டு வேலையும் பிசகில்லாமல் முடிந்தன. மூன்றாவதாக வந்தது மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலுக்கு ஆறு அறைகள். ஆறும் ஒரே வரிசை. ஒவ்வொன்றிலும் கடலைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல்.

கொட்டகையின் சூப்பர்வைசர் வேடந்தாங்கல் பக்கத்து ஊர்க்காரர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். இவர் வெல்டராகச் சேர்ந்து மேலே வந்தவர். அந்த வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணா என்பேன், அவர் மேடம் என்பார். பேச்செல்லாம் பெரும்பாலும் போனில்தான். எங்கள் ஆபீஸ் மாடியில், கொட்டகை கீழே. நடுவில் ஒரு படிக்கட்டு. வரைபடக்காரர்கள் கீழே இறங்குவதில்லை, கொட்டகைக்காரர்கள் மேலே ஏறுவதில்லை. அப்படி ஒரு சட்டம் யாரும் போடவில்லை, பழகிவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அவர் கூப்பிட்டார்.

“மேடம், நாலாவது ரூமுக்கு மட்டும் பெரிய ஜன்னல் வாசப்பக்கம் கீது. பாத்துதான் குட்த்தீங்களா?”

“படத்துல இருக்கறபடியே பண்ணுங்கண்ணா. பாத்துதான் குடுத்தேன்.”

நான் பார்க்கவில்லை. சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் காரணம்.

அறைகளை இறக்குகிற அன்று காலையில் மேனேஜர், சூப்பர்வைசரோடு நானும் மாமல்லபுரம் போயிருந்தேன். முதல் மூன்றும் அழகாக உட்கார்ந்தன. நாலாவது கிரேனில் தொங்கியபடி மெல்லத் திரும்பியபோதே தெரிந்துவிட்டது. கடல் பக்கம் வெறும் சுவர். ஜன்னல் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பழைய வேலை ஒன்றின் படத்தை எடுத்துத் திருத்தியபோது அந்த ஓர் அறையில் ஜன்னலை நகர்த்த மறந்திருக்கிறேன். அறையையே திருப்பி வைக்கவும் வழியில்லை. குளியலறைக் குழாய் எதிர்ப்பக்கம் போய்விடும்.

ஹோட்டல்காரர் எங்கள் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார்.

“ஷெட்ல எல்லாரும் இன்னாதான் பண்ணிகினு இருந்தீங்க?”

சூப்பர்வைசர் சட்டைப்பையிலிருந்து படத்தை எடுத்துப் பிரித்தார். பார்த்தார். திரும்ப மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். “எடுத்துனு போயி சரி பண்ணிடறோம் சார்” என்றார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நான் நாலடி தள்ளித்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அறை அதே டிரெய்லரில் திரும்பி வந்தது. சுவரை அறுத்து, ஜன்னலை மாற்றி, பூச்சு முடித்து மறுபடி அனுப்ப இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. கொட்டகை ஆட்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்தார்கள்.

அறை திரும்பப் போன பிறகு வந்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேனேஜர் கையில் ஒரு கடிதம் இருந்தது. சூப்பர்வைசருக்கு எச்சரிக்கை. அதை அவர் வாசிக்க ஆரம்பித்ததும் நான் எழுந்தேன்.

“சார், படம் தப்பு. நான் போட்டது” என்றேன். “அண்ணா போன் பண்ணிக் கேட்டார். நான்தான் பாக்காம சரின்னு சொன்னேன்.”

மேனேஜர் கடிதத்தை மடித்துக் கோப்புக்குள் வைத்தார். எனக்கு ஒரு கடிதம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அவர் சொன்னது ஒன்றுதான்: இனி இரும்பு அறுப்பதற்கு முன்னால், படம் போட்டவர் கீழே போய் சூப்பர்வைசரோடு நின்று ஒவ்வொரு அறையையும் சரிபார்க்க வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் படிக்கட்டில் சூப்பர்வைசரை நிறுத்தி மன்னிப்புக் கேட்டேன்.

“அன்னிக்கி சைட்லயே சொல்லிருக்கலாம் மேடம். பசங்க எம்மேலதான் தப்புன்னு நெனச்சிகினு இருந்தாங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு பல வாரம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. எனக்கு அது சரியென்றே பட்டது.

வருஷக் கடைசியில் மதுராந்தகம் பக்கம் ஒரு கிராமத்துக்குச் சிறிய சுகாதார மையம் செய்தோம். இரும்பு அறுக்கும் முன் நான் கீழே போனேன். அவர் தரையில் சாக்பீஸால் சுவர்களை வரைந்து வைத்திருந்தார். ஒரு நீளப் பலகையைக் காட்டி, “இத்த ஸ்ட்ரெச்சர்னு வெச்சிக்கோம்மா. நீ அந்தாண்ட புடி” என்றார். மேடம் போய் அம்மா ஆனதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. பலகையோடு சாக்பீஸ் கோட்டு வாசலில் நுழைந்து உள்ளே திரும்ப முயன்றோம். திரும்ப முடியவில்லை, சுவர்க்கோட்டில் இடித்தது. அங்கேயே உட்கார்ந்து வாசலை அகலமாக்கிப் படத்தைத் திருத்தினேன்.

மையம் திறந்த பிறகு ஒரு சனிக்கிழமை இருவரும் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தோம். யாரும் கூப்பிடவில்லை, நாங்களாகத்தான் போனோம். வெளியே ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். நாங்கள் கம்பெனி ஆட்கள் என்றதும் நர்ஸ் எழுந்து வந்து, மழை பெய்தால் கூரைச் சத்தத்தில் நோயாளி சொல்வது காதில் விழவில்லை என்றார். அவர் சொன்னது நியாயம்தான். சூப்பர்வைசர் கூரையை அண்ணாந்து பார்த்தார். நான் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்.