ஆன்டெனா இருந்த இடம்

சேற்றுக்காரர் தன் தங்கைக்கு ஒரு லட்சம் கடன்பட்டிருந்தார். தூர்வாரும் படகுக்கு ஜி.பி.எஸ். பெட்டி வாங்குவதற்காக, தையல் கடை போடச் சேர்த்து வைத்திருந்ததை அவள் எடுத்துக் கொடுத்த பணம் அது.

பெயர் எழுதத் தெரிந்ததோடு அவர் படிப்பு முடிந்தது. கூடையில் மணல் சுமந்தவர், இன்று சொந்தப் படகு வைத்திருக்கிறார். சேற்றுக்காரர் என்று ஊர் கூப்பிட்டால் பட்டம் கொடுத்த மாதிரி நெஞ்சை நிமிர்த்துவார்.

பெட்டி வந்ததும் ஆற்றில் கழி நட்டுக் கண்ணால் கோடு பிடிக்கிற வேலை ஒழிந்தது. படகின் கூரைமேல் ஆன்டெனா, ஓட்டும் அறைக்குள் திரை. வெட்டவேண்டிய வாய்க்கால் திரையில் நீலக் கோடாக ஓடும். இம்மி பிசகாமல் ஓட்டினார். இப்படி ஓட்ட இந்த ஆற்றில் எவன் இருக்கிறான் என்று டீக்கடையில் உட்கார்ந்து கேட்கவும் கேட்டார்.

அளவெடுக்க வந்த பொறியாளர், வாய்க்கால் மூன்று மீட்டர் தள்ளி விழுந்திருப்பதாகச் சொன்னார். சரியான இடத்தில் மறுபடி வெட்டும்வரை காலணா கிடையாது என்றும் சொல்லிவிட்டார். சேற்றுக்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. பெட்டி விற்றவனைத் திட்டினார். மேலே சுற்றுகிற செயற்கைக்கோளையும் விட்டுவைக்கவில்லை. பொறியாளர் கூரையைக் காட்டினார். ஆன்டெனா இருந்த இடத்தில் டி.வி. டிஷ் உட்கார்ந்திருந்தது. ஆன்டெனாவை மறு ஓரத்தில் கட்டியிருந்தார்கள். அது பழைய இடத்திலேயே இருப்பதாக நம்பிய பெட்டி, படகையே தள்ளி நிறுத்த வைத்திருந்தது.

கட்டியவர் தங்கையின் கணவர். படகில் எஞ்சின் பார்ப்பவர்.

"வானத்துக்கு எல்லா இடமும் ஒண்ணுதானே மச்சான். மேட்ச் தெளிவா வரல, அதான்."

"உங்க கண்ணைக் கழட்டி முதுகுல மாட்டினா நேரா நடப்பீங்களா மாப்பிள்ளை?"

மறு வெட்டுக்குச் சேற்றுக்காரர் சொந்தக் காசில் டீசல் ஊற்றினார். அது முடியும்வரை இருவருக்கும் வாய்ப்பேச்சு கிடையாது; ஓட்டும் அறைக்கும் எஞ்சின் அறைக்கும் நடுவே மணியடித்துத்தான் பேசிக்கொண்டார்கள்.

கூலி கைக்கு வந்ததும் தங்கை வீட்டுக்குப் போனார். அவள் முன்னறைத் தரையில் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை செய்த கூத்துக்கு டீசல் காசைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொண்டு வந்திருப்பதாகச் சொன்னார்.

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"காசு கொடுத்தது நான். டிஷ் கட்டினது அவர். அவர் சம்பளத்துல பிடிச்சுக்கோ, இல்ல ஆத்துல பிடிச்சுத் தள்ளு. நாளைக்குக் கடைக்கு முன்பணம் கட்டலேன்னா வேற ஆளுக்கு விட்டுடுவாங்க. உங்க ரெண்டு பேர் சண்டைக்கு என் கடைதான் கிடைச்சுதாண்ணே?"

மாப்பிள்ளை கதவோரம் நின்று கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆளை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது சேற்றுக்காரருக்கு. அவள் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாததுதான் இன்னும் எரிந்தது. உள்பையில் ஒதுக்கியிருந்ததையும் உருவினார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, ஒவ்வொரு நோட்டையும் அறைகிற மாதிரி அவள் உள்ளங்கையில் எண்ணி வைத்தார். கடைசி நோட்டு விழும்வரை அவள் கையை மூடவில்லை.