கருப்புக் கல் மூட்டை

கல் சுமக்கிற வேலையில் முதுகை ஒடிப்பது கல் இல்லை, கூட வருகிற ஆள். என்னை ஒடித்தவன் என் மனைவியின் தம்பி அந்தோணிமுத்து. பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப்போக இரக்கப்பட்டு மறைத்துவிடக் கூடாது. சொந்தக்காரனுக்கு வேலை வாங்கிக் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அது யுத்த காலம். பூமிக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கச் சர்க்கார் ஓர் ஆபீசரை அனுப்பியிருந்தது. அவர் பாறையைச் சுத்தியலால் தட்டித் துண்டு எடுப்பார். ஒவ்வொரு துண்டையும் சின்னத் துணிப்பையில் போட்டு, எடுத்த இடத்தை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்துக் கட்டுவார். அந்தப் பைகளைச் சாக்கில் போட்டுச் சுமப்பது எங்கள் வேலை. நான் கூலிகளுக்கு மேஸ்திரி. மலைவேலை முடிந்ததும் என்னை ஆபீசில் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாக அவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். மழையைப் பார்த்துக் கம்பு விதைக்கிற குடும்பத்துக்கு அது எப்பேர்ப்பட்ட வார்த்தை என்று உங்களுக்குத் தெரியும்.

கொல்லையில் கடல்

முதலில் அரியலூர்ப் பக்கம். ஓர் ஓடையோரம் நாங்கள் தோண்டிக்கொண்டிருந்தபோது கொல்லைக்காரம்மா களைக்கொட்டோடு வந்து நின்றுவிட்டார். நிலத்தைப் பிடுங்கிக்கொள்ள வந்திருக்கிறோம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆபீசர் பொறுமையாக, நத்தை போலச் சுருண்ட ஒரு கல்லை அந்தம்மா கையில் கொடுத்தார். இது கடலில் இருந்த பிராணி, கல்லாகிவிட்டது, இந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்று விளக்கினார்.

அந்தம்மா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் கிணற்றுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கல்லைத் திருப்பிக் கொடுத்தார்.

"அம்மாந்தண்ணி இருந்துச்சுன்னு சொல்றீங்களே, போவும்போது இந்தக் கெணத்துக்கு ஒரு கொடம் வுட்டுட்டுப் போவக் கூடாது?"

முத்திரை குத்த இடம் இல்லை

அடுத்து பெரம்பலூர்ப் பக்கமிருந்து பச்சைமலை. அது ரிசர்வ் காடு. அடிவாரத்தில் ஒரு கேட்டு, கேட்டில் ஒரு பாரஸ்ட் கார்டு. மலையிலிருந்து ஒரு விறகுக் குச்சி இறங்கினாலும் சீட்டு வேண்டும் என்பார். ஆபீசரிடம் மலை ஏற உத்தரவு இருந்தது. கல் இறக்க உத்தரவு இருக்கிறதா என்று கார்டு கேட்டார். ஆபீசர் முன்னால் போய்விடுவார். வாதாடுவது என் தலையில் விழும்.

ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு நான் அவரிடம் கெஞ்சுவேன். மற்றவர்கள் பக்கத்து ஓடையில் கால் நனைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். கெட்ட மனிதர் இல்லை அவர். சட்டத்தில் கல்லைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

"மரமா இருந்தா சுத்தியால முத்திரை குத்தி அனுப்பிடுவேன் மேஸ்திரி. கல்லுல குத்துனா என் சுத்தில்ல ஒடையும்?"

மலைச்சாமியின் குவியல்

ஏறுகிற பாதையில் ஒரு திருப்பத்தில் பெரிய கற்குவியல் உண்டு. அதுதான் அங்கே சாமி. அந்த வழியாகப் போகிறவர்கள் வேண்டிக்கொண்டு ஒரு கல்லைப் போட்டுவிட்டுப் போவார்கள். பக்கத்தில் கிடக்கிற கல்லைப் பொறுக்கிப் போட்டால் கணக்கில் சேராது. வேறு இடத்திலிருந்து சுமந்து வந்த கல்லாக இருக்க வேண்டும். போட்ட கல்லை யாரும் திரும்ப எடுக்கவும் கூடாது. நாங்கள் வரதராஜன்பேட்டைப் பக்கத்து வேதக்காரர்கள். அங்கே வந்ததும் நான் சிலுவை போட்டுக்கொண்டு ஒதுங்கி நடப்பேன். அந்தோணிமுத்துவும் அப்படித்தான். எங்கள் ஊர்த் திருவிழாவில் மாதா தேருக்கு முன்கட்டை பிடிக்கிற மரியாதை அவனுக்குத்தான்.

கடைசி நடையில் மலை உச்சிக்குப் பக்கத்தில் ஒரு கருப்புக் கல் கிடைத்தது. பக்கத்தில் கொண்டு போனால் காம்பஸ் முள் மிரண்டு ஆடியது. ஆபீசர் அன்றைக்குச் சிரித்ததுபோல் நான் பார்த்ததில்லை. அந்தப் பாறை நெடுகத் துண்டு எடுத்து ஒரு தனி மூட்டையாகக் கட்டினார். வேறு யாரிடமும் நம்பிக் கொடுக்காதே என்றார். நான் நம்பிய ஆளிடம் கொடுத்தேன்.

இறங்கும்போது அந்தோணிமுத்து குவியலுக்குப் பக்கத்தில் பின்தங்கினான். அப்போது அவன் பையன் காய்ச்சலில் கிடந்தான், இவனுக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் நான் அதட்டவில்லை. என்னடா என்று மட்டும் கேட்டேன்.

"காலுல முள்ளு மாமா. நீங்க முன்னால போங்க, மூட்டை எங்க போயிடப் போவுது?"

உருண்ட கல்

கேட்டில் வழக்கம்போல வாதாட்டம். நான் கார்டிடம் பேசிக்கொண்டிருக்கையில் அந்தோணிமுத்து ஓடையில் குனிந்து உட்கார்ந்திருந்தான். முகம் கழுவுகிறான் என்று நினைத்தேன்.

மறுநாள் கேம்பில் ஆபீசர் அந்த மூட்டையை அவிழ்த்தார். பைக்குள் சீட்டு சரியாக இருந்தது. கூட இருந்தது ஓடைக் கூழாங்கல். அடுத்த பையிலும் அதுதான். காம்பஸ் முள் செத்ததுபோல் கிடந்தது. மேற்கொண்டு கொஞ்சம் பைகளைப் பிரித்துவிட்டு நிறுத்திவிட்டார். மழை இறங்கிவிட்டது, மறுபடி ஏற அவருக்கு நாள் இல்லை. அந்த இடத்தைத் தன் வரைபடத்தில் வெறுமையாகவே விட்டுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் அந்தோணிமுத்துவைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். ஆபீசர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் இவ்வளவு நாள் வலித்திருக்காது.

"பாரம்னு மேலே கொட்டிட்டு, கீழே பொறுக்கி நிரப்பியிருக்கீங்க. மத்தவங்களை நான் கேக்கலை, நீ மேஸ்திரி."

செசிலி சொன்னது

அதோடு நான் கம்புக்கொல்லைக்குத் திரும்பினேன். அந்தோணிமுத்துவின் பையன் பிழைத்தான். வளர்ந்து, கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கினான். அன்றைக்கு விருந்தில் அந்தோணிமுத்துவின் மனைவி செசிலி எனக்குப் பரிமாறினாள். பையன் வெள்ளைச் சட்டையில் என் மடியில் சாய்ந்து, மாமா மாமா என்று கதை கேட்டுக்கொண்டிருந்தான். செசிலிக்கு வாய் நிற்காது, மனசில் கள்ளமும் கிடையாது. எனக்கு எல்லாம் தெரியும் என்றே நினைத்திருந்தாள்.

"மாதாவும் காப்பாத்துனா, அந்த மலைச்சாமியும் காப்பாத்துச்சு அண்ணே. ஒங்க மூட்டைக் கருப்புக் கல்லையெல்லாம் இவரு அங்கதான போட்டுட்டு வந்தாரு."

சோறு கையில் இருந்தது. பையன் தலை நெஞ்சில் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

முசாபரி பங்களாவில்

சில மாதம் கழித்து அந்த ஆபீசர் அரியலூர் முசாபரி பங்களாவில் தங்கியிருப்பதாகத் தெரிந்தது. அந்தோணிமுத்துவைக் கையோடு கூட்டிப் போனேன். வழியெல்லாம் நான் கேட்டது ஒன்றுதான்: மாமா மேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தை. வேலை திரும்ப வராது என்று எனக்குத் தெரியும். கேம்பில் என்னைச் சொன்ன சொல்லை அவர் திரும்ப வாங்கிக்கொண்டால் போதும். அவனும் தலையாட்டிக்கொண்டே வந்தான்.

ஆபீசர் வெளியே வந்து, கூட வந்திருப்பது யார் என்று கேட்டார். அந்தோணிமுத்து கையைக் கட்டிக்கொண்டு, சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன் என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் ஆபீசர் காரில் ஏறிவிட்டார். கதவைச் சாத்துவதற்கு முன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மேஸ்திரி, ஓடையில கல்லெல்லாம் சௌக்கியமா?"

திரும்பி வரும் வழி

பங்களா வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்தோம். பிறகு ஏன்டா என்று கேட்டேன். அந்தக் குவியலில் கல் போட்ட கதை ஊருக்குத் தெரிந்தால் தேர்க்கட்டை போய்விடும், கோயில் வாசலில் முழங்கால் போட வைப்பார்கள் என்றான். பிறகு, மனசு சுத்தமானவன் பேசுகிற மாதிரி, என் தோளைத் தொட்டுச் சொன்னான்.

"பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன் மாமா. ஆண்டவரே மன்னிச்சுட்டாரு, இன்னும் நீங்க என்ன?"

ஞாயிற்றுக்கிழமை பூசையில் இன்றைக்கும் அவன் எனக்கு முன் வரிசையில் மண்டியிடுகிறான். மூட்டை சுமக்காத ஆண்டவரிடம் தீர்த்துவிட்ட கணக்கை, மூட்டைக்குப் பொறுப்பேற்ற என்னிடம் அவன் இன்னும் தீர்க்கவில்லை.